படம் முழுக்க இடது கை

"பால்கனியில வளர்ந்த மனுஷன் ஒரு வழுக்கைத் தலையைக்கூட வரையலையே, ஏன்?" என்று என் மனைவி கேட்டாள்.

நான் என்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டேன்.

"உங்களைச் சொல்லலைங்க. இந்த ஓவியரைச் சொல்றேன்."

"தெரியும்மா. பழக்க தோஷம்."

என் மனைவி துப்பறிகிறவள். நான் அவளுடைய அசிஸ்டென்ட். வீட்டு வாசலுக்கு உள்ளே நான் குடும்பத் தலைவன் என்று ஒரு பேச்சு உண்டு. வாசலைத் தாண்டிவிட்டால் ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, நாய் இருந்தால் முன்னால் போவது எல்லாம் என் இலாகா. யோசிப்பது மட்டும் அவள் இலாகா. வெளியாட்கள் முன்னால் அவளை நான் 'மேடம்' என்பேன். அதில் கொஞ்சம் கிண்டல் கலந்திருப்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அன்று காலை நாங்கள் நின்றது ஓவியக் கல்லூரியில், மாஸ்டரின் அறையில். மூத்த பேராசிரியரை ஊரே மாஸ்டர் என்றுதான் சொல்லும். டர்பன்டைன் வாசனை மூக்கைத் துளைத்தது. சுவர் முழுக்க அவர் வரைந்த பூதாகாரமான முகங்கள். எல்லாம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த மாதிரி இருந்தன. முதலில் முகவாய், அப்புறம் மூக்குத் துவாரம், நெற்றி எங்கோ மேகமண்டலத்தில். கறுப்பு, வெள்ளை, சாம்பல், போனால் போகிறது என்று கொஞ்சம் நீலம். ஒவ்வொரு முகத்தின் மேலும் உச்சியிலிருந்து நேர் கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடியது.

கதவோரம் ஒரு அறிமுகப் பலகை. 'அதிகாரத்தின் காலடியில் கிடக்கும் எளியவனின் பார்வை' என்று அது அந்த முகவாய்களுக்கு விளக்கம் சொன்னது. கோட்டுக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்கள், 'காலத்தின் காயம்'. அதற்குக் கீழே மாஸ்டரின் பிறப்பு வளர்ப்பு. அப்பா கப்பல் கேப்டன். கடலைப் பார்த்த பங்களா. மாடி பால்கனியில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே அவர் ஓவியர் ஆனாராம்.

"பால்கனியில உட்கார்ந்து பார்த்தா என்ன தெரியும்? உச்சந்தலை, வகிடு, தொப்பி, குடை. இங்க அதுல ஒண்ணாவது இருக்கா? முகவாய்க் கண்காட்சியால்ல இருக்கு."

"சின்ன வயசுல பால்கனியிலேருந்து கீழே விழுந்திருப்பாரோ என்னவோ. அங்கேயே படுத்து அண்ணாந்து பார்த்திருப்பார்."

என் மனைவி சிரிக்கவில்லை. சிரித்தவள் குருவி. சிரித்த வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்களை வரவழைத்தவள் அவள்தான். கடைசி வருஷ மாணவி. உருவம் அப்படி என்பதால் கல்லூரி முழுக்க அவளுக்குக் குருவி என்றே பெயர். அவளுக்கு நேர்ந்தது இதுதான். ஓவியக் கேலரி நடத்தும் அம்மா ஒருவர், தன் துணிகளை வெளுக்கப் போட்ட இடத்தில், லாண்டரிச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்தார். பார்த்ததுமே மாஸ்டரின் கை என்று தெரிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு ஓடி வந்து காட்டினார். மாஸ்டர் பார்த்தார், முகம் சுண்டிப் போயிற்று, "இது என்னோடது இல்ல" என்றார். மாஸ்டருடையது இல்லை என்றால் போலி. போலி என்றால் வரைந்தது யார்? 'என் கை இவளுக்கு வந்துடுச்சு' என்று போன வருஷம் மாஸ்டரே மேடையில் மெச்சியது குருவியை. கேலரி அம்மா அவள் பெயரைச் சொன்னார். மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு சாயங்காலம் விசாரணை மேடம். கள்ளப் படம் வரைஞ்சவன்னு என்னை வெளியே அனுப்பிட்டா, அப்புறம் எந்தக் காலேஜும் சேர்க்காது. என் படத்தை யாரும் சுவர்ல ஆணி அடிச்சு மாட்ட மாட்டாங்க," என்றாள் குருவி. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வரையத்தான் தெரியும்."

"இந்தக் கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டாள் என் மனைவி. படம் வைத்து வரையும் ஈஸலுக்கு எதிரே ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி நின்றது.

"சார் வரையும்போது கேன்வாஸை நேராப் பார்க்கவே மாட்டார் மேடம். கண்ணாடியில தெரியற கேன்வாஸைப் பார்த்துத்தான் வரைவார். எங்க யாரையும் அதுகிட்ட விட மாட்டார்."

"ரொம்ப நேரம் கண்ணாடி பார்க்கற ஆம்பளைங்களை நம்பக் கூடாதுன்னு மேடம் அடிக்கடி சொல்வாங்க," என்றேன்.

"சொல்வேன். எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார்," என்று சொல்லிக்கொண்டே அவள் குருவியின் போனை வாங்கி, லாண்டரிப் படத்தின் போட்டோவைச் சுவரில் இருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டியை எடுங்க," என்றாள்.

லாண்டரிக்குள் நுழைய ஒரு சாக்கு வேண்டும் அல்லவா? கடைக்குச் சற்று முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, பேனா மூடியைத் திறந்து, என் வெள்ளைச் சட்டையில் ஒரு உதறு உதறினாள். துப்பறியும் தொழிலில் அசிஸ்டென்டின் சட்டைக்கு ஆயுசு குறைவு.

கடை குறுகல். ஒரு கவுன்டர், அதற்குப் பின்னால் கண்ணாடிக் காகித உறைகளில் தொங்கும் துணிகள், ஆவி பறக்கும் இஸ்திரி மேஜை. மேஜைக்கு மேலே அந்தப் படம். கடைக்காரப் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள், கன்னத்தில் குழி.

"கழட்டிக் குடுங்க சார், இப்பவே எடுத்துடலாம். மை ஊறினா போகாது," என்றார். நான் பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் துணியோடு துணியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

லாண்டரி அம்மா சட்டையை விரித்ததும் உச்சுக் கொட்டினார். "மூணாவது பொத்தானை யார் தைச்சது? இது பொம்பளை ஜாக்கெட்டுல வர்ற பொத்தான். நூலும் வேற."

தைத்தவள் என் மனைவி. அவள் பதில் இல்லாமல் நின்றதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் நாலு சட்டையில் மை தெளிக்கக் கொடுப்பேன்.

"படம் நல்லா இருக்கே," என்று பேச்சை மாற்றினாள் அவள்.

நல்லாத்தான் இருந்தது. ஒரு ரயில் பிளாட்பாரம். அதே ராட்சத முகங்கள், அதே சாம்பல், மேலிருந்து கீழே அதே கோடு. ஒருவன் சிகரெட் பற்ற வைக்கிறான். ஒருத்தி தலை வாருகிறாள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போடுகிறார். ஒரு சிப்பாய் யாருக்கோ கையசைக்கிறான்.

"என்னங்க, நல்லாப் பாருங்க. இவங்க எல்லாரும் எந்தக் கையால வேலை செய்யறாங்க?"

பார்த்தேன். தீக்குச்சி இடது கையில். சீப்பு இடது கையில். பேனா இடது கையில். கைக்கடிகாரங்கள் எல்லாம் வலது மணிக்கட்டில். சட்டைப் பொத்தான்கூட எதிர்ப்பக்கம். ஒரு ஊரே இடது கைக்காரர்களாகப் பிறந்து, ஒரே ரயிலைப் பிடிக்க வந்த மாதிரி இருந்தது.

"மாஸ்டர் படத்துல எல்லாரும் வலது கைக்காரங்க," என்று என் காதோரம் சொன்னாள். "போலி வரையறவ அசலைப் பார்த்துத்தானே வரையணும்? அசல்ல இல்லாத தப்பை எங்கேருந்து எடுப்பா? நடையைத் திருடலாம். தப்பைத் திருட முடியாது. அது சொந்தக்காரங்களோடதான் இருக்கும்."

"பொத்தான் எல்லாம் தப்பாப் போட்டிருக்காங்களேம்மா," என்று நான் லாண்டரி அம்மாவிடம் சத்தமாகவே கேட்டேன்.

"தப்புதான் சார். வரைஞ்சவங்ககிட்ட சொல்லியாச்சு. சரியாப் போட்டா அவங்க வேற யாரோ மாதிரி ஆயிடறாங்களாம்."

"யார் வரைஞ்சது? விலைக்குக் கிடைக்குமா?" இது என் மனைவி.

"விக்கறதுக்கு இல்ல மேடம். சுவர்ல ஈரக் கறை, அதை மறைக்க மாட்டினது. எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா..." அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். கன்னக் குழி ஆழமாயிற்று. "மேட்டுல பெரிய பர்னிச்சர் கடை இருக்கில்ல? அதோட பின்பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு சொல்லலாம்."

என் மனைவி படத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். தடவிய விரலை வழக்கம்போல என் மேல் துடைத்தாள். சட்டை இல்லாததால் பனியனில்.

சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் நான் என் மூளையைக் கொஞ்சம் காட்டலாம் என்று நினைத்தேன். "ஒண்ணு நிச்சயம். இந்த அம்மா வரையலை. ஒரு பொத்தானைப் பார்த்து நம்ம குடும்ப ரகசியத்தையே சொல்றவங்க, பொத்தானைப் பக்கம் மாத்தி வரைவாங்களா?"

"ம்."

"ம்னா?"

"ம்னா ம். வண்டியை எடுங்க."

பர்னிச்சர் கடையில் தரை சரிவாக இருந்தது. வாசலிலிருந்து உள்ளே போகப் போக இறங்கிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு பீரோவின் முன்காலுக்கும் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என்னைக் கேட்காமலே அரைக் கடையைச் சுற்றிக் காட்டிவிட்டு நின்றது.

"எல்லாரும் ஒரு தடவை அதுல போயிடுவாங்க சார்," என்று சிரித்தபடி வந்தார் கடை முதலாளி. "இது எங்கப்பா காலத்துல சினிமா தியேட்டர். சரிவை மட்டும் மாத்த முடியலை."

சரிவின் அடியில், பழைய திரை இருந்த இடத்தில், ஒரு பெரிய வெள்ளைத் துணி தொங்கியது. அதில் கடையின் விளம்பரப் படம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியே நடித்திருந்தார். சோபா வாங்கியவருக்கு உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, எழுந்து நின்று கை குலுக்குகிறார். நடிப்பு அவருக்கு வரவில்லை. சந்தோஷம் மட்டும் வந்தது.

என் மனைவி அவரோடு பேசிக்கொண்டிருக்க, நான் கை கழுவ வழி கேட்டுத் துணிக்குப் பின்னால் போனேன். மெத்தைகள் அடுக்கிய இருட்டான இடம். குழாயைத் திறந்துவிட்டுத் தற்செயலாக நிமிர்ந்தேன். துணியில் அதே விளம்பரம், பின்பக்கமிருந்து மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மேலே முதலாளியின் முகவாய் மலை மாதிரி எழும்பியது. அப்புறம் மூக்குத் துவாரம். அவர் பேனாவை எடுத்தார், இடது கையால். கையெழுத்துப் போட்டார், இடது கையால். கை குலுக்கியதும் இடது கையால்.

கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வெளியே ஓடினேன்.

"மேடம்! பின்னாடி எல்லாரும் இடது கைக்காரங்க!"

முதலாளி பயந்துவிட்டார். என் மனைவி மட்டும் ஒரு புன்னகை செய்தாள். கல்யாணம் ஆன புதிதில் அடிக்கடி கிடைத்தது. இப்போது வழக்கு முடிகிற சமயத்தில்தான் கிடைக்கிறது.

"அந்தக் காலத்துத் திரை எப்படி இருக்கும்?" என்று அவரைக் கேட்டாள்.

"வெறும் துணிதாங்க. அவ்வளவு அகலத்துக்கு ஒரே துணி ஏது? ரெண்டு மூணைச் சேர்த்துத் தைச்சிருப்பாங்க. பார்க்கற எல்லா முகத்து மேலயும் தையல் கோடு விழும்."

காலத்தின் காயம் என்று நான் முணுமுணுத்தேன்.

"திரைக்குப் பின்னாடி யாராவது குடியிருந்தாங்களா?"

"தியேட்டர் பெருக்கற அம்மா இருந்தாங்க. புருஷன் இல்ல. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு வந்து சேர்ந்தாங்க. பையன் கரித்துண்டை வச்சு சுவர் முழுக்க ஆளுங்களா வரைஞ்சு தள்ளுவான். எங்கப்பாகிட்ட அடிகூட வாங்கியிருக்கான்." அவர் குரல் இறங்கியது. "முன்பக்கம் வந்து படம் பார்க்க அப்பா விட்டதே இல்ல. டிக்கெட் எடுத்தவங்க பக்கத்துல பெருக்கறவ புள்ளை உட்காரறதான்னு கேட்பார். அப்ப எனக்கு அது தப்பாத் தெரியலீங்க. நான் மேல பால்கனியில உட்கார்ந்திருப்பேன்."

வெளியே ஸ்கூட்டரை உதைத்தபடி நான் சொன்னேன். "பொய் சொல்றதுன்னு ஆனப்புறம் தரை டிக்கெட்டா எடுப்பாங்க? பால்கனிதான் எடுத்திருக்கார் நம்ம மாஸ்டர்."

என் மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். "அந்தப் பையன் பாவம்ங்க," என்றாள். நான் மேற்கொண்டு ஜோக் அடிக்கவில்லை.

மாலையில் மாஸ்டரின் அறையிலேயே விசாரணை. பிரின்சிபால் நடுவில். பக்கத்தில் கேலரி அம்மா. மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். நரைத்த தாடி, சுத்தமான சட்டை, கையில் மட்டும் கரி. குருவி ஒரு ஓரமாக, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சின்ன வேலை," என்றாள் என் மனைவி. "ஒரு ஆள் உட்கார்ந்து கையெழுத்துப் போடறான். மாஸ்டரும் குருவியும் அதை மனசுலேருந்து சட்டுனு வரையணும். அவ்வளவுதான்."

"என்ன விளையாட்டு இது?" என்றார் மாஸ்டர்.

"வரைஞ்சுதான் விடுங்களேன் மாஸ்டர். உங்களுக்கு இதெல்லாம் ஊதித் தள்ளற வேலை," என்றார் பிரின்சிபால்.

மாஸ்டர் ஈஸலுக்கு வந்தார். கண் தானாகவே கண்ணாடியைத் தேடிற்று. அங்கே கண்ணாடியின் முதுகுதான் இருந்தது. திருப்பி வைத்தது யார் என்று சொல்ல மாட்டேன். ரொம்பக் கனம், இடுப்பு பிடித்துக்கொண்டது.

இரண்டு கரித்துண்டுகள் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டரின் கை பறந்தது. வரையும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பத்து வயசு குறைந்துவிட்டது. முடித்துவிட்டு ஒரு அடி பின்வாங்கி, வரைந்ததைப் பார்த்தார். கையிலிருந்த கரித்துண்டு கீழே விழுந்தது.

குருவியின் ஆள் வலது கையால் எழுதினான். மாஸ்டரின் ஆள் இடது கையால் எழுதினான்.

"தொட்டில் பழக்கம்," என்றாள் என் மனைவி. "திரைக்குப் பின்னாடி படுத்துக்கிட்டு, சினிமா முகங்களைப் பார்த்துக் கத்துக்கிட்ட கை இது. அங்கே எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். அதனாலதான் மாஸ்டருக்குக் கண்ணாடி. அதுல அவருக்குப் பழகின மாதிரி தெரியற வரைக்கும் வரைவார். கேன்வாஸ்ல அது நமக்குப் பழகின மாதிரி வந்துடும். குருவி பார்த்தது அந்த கேன்வாஸைத்தான். இந்தத் தப்பு அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத தப்பை அவ செஞ்சிருக்க முடியாது."

குருவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கேலரி அம்மாவின் கண் பளபளத்தது. "அப்போ லாண்டரியில இருக்கறது மாஸ்டரோட சின்ன வயசுப் படமா!"

"இல்ல," என்றார் மாஸ்டர். "அது என்னோடது இல்ல."

இன்னுமா பிடிவாதம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லித் தொலையுங்களேன் சார் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி கையமர்த்தினாள்.

"அவர் சொல்றது நிஜம். என்னங்க, பனியனைக் காட்டுங்க."

"இங்கேயா?"

"இங்கேதான்."

கல்லூரி முதல்வர் முன்னிலையில் நான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். பனியனில் ஒரு நீலத் தீற்றல். பேனா மை என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மை இல்ல, பெயின்ட். படத்தோட ஓரத்துல தொட்டேன், இன்னும் காயலை," என்றாள். "கண்ணாடி இல்லாம வரையறதை மாஸ்டர் எப்பவோ விட்டுட்டார். சமீபத்துல யாரோ கண்ணாடி இல்லாமலே வரைஞ்சிருக்காங்க. தியேட்டருக்கு அந்த அம்மா வந்தப்போ கையில ஒண்ணு. அது மாஸ்டர். இடுப்புல இன்னொண்ணு இருந்துச்சு. பர்னிச்சர் கடை பின்பக்கத்துலேருந்து படம் வந்துச்சுன்னு லாண்டரியில அவங்களேதான் சொன்னாங்க."

நான் என் தலையில் அடித்துக்கொண்டேன். வழுக்கையில் சத்தம் நன்றாகவே கேட்டது. இடுப்புல ஒண்ணு என்று அந்த மனிதர் எனக்கு நேராகத்தான் சொன்னார்.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் தங்கச்சி," என்றார். அந்த வார்த்தை வெளியே வருவதற்குச் சிரமப்பட்டது. "எங்களுக்கு யாரும் நின்னு முகம் காட்டினதில்ல. பெருக்கறவ பசங்களை யார் பார்க்கப் போறாங்க? அவசர அவசரமாத் தாண்டிப் போவாங்க. நின்னு நிதானமா முகம் காட்டினவங்க திரையில இருந்தவங்கதான். நான் கரியால கோடு போடுவேன். அவ உள்ளே நிழல் அடிப்பா. எனக்கு இங்கே இடம் கிடைச்சுது. இங்கே வந்தவங்க எல்லாரும் பெரிய வீட்டுப் பசங்க. ஒருத்தன் 'நீ எங்கே வளர்ந்தே'ன்னு கேட்டான். பால்கனின்னுட்டேன். அப்புறம் பங்களா வந்துச்சு, கேப்டன் வந்தார். அந்தப் பங்களாவுல தங்கச்சிக்கு இடமில்லாம போச்சு. 'என்னைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு அவகிட்ட சொன்னேன். இன்னி வரைக்கும் அவ சொல்லலை."

"போட்டோவைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுதா சார்?" குருவி கேட்டாள்.

"பார்த்ததுமே. நான் இவ்வளவு வருஷமா கண்ணாடி வச்சுத் திருத்திக்கிட்டதை, அவ திருத்திக்காம வரைஞ்சிருக்கா. என்னைவிட நல்லா இருந்துச்சு." தரையைப் பார்த்தார். "ஆனா குருவி, நான் உன் பேரைச் சொல்லவே இல்லம்மா."

"இல்லைன்னும் சொல்லலையே சார்."

சின்னக் குரல்தான். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லா ராட்சத முகங்களும் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. மாஸ்டர் எழுந்து அவள் எதிரே போய் நின்று கை கூப்பினார். "என்னை மன்னிச்சுடு."

குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மன்னிப்பை இன்னிக்கு வாங்கிக்க மாட்டேன் சார். எனக்கு முன்னாடி வாங்கிக்க வேண்டியவங்க லாண்டரியில நிக்கறாங்க."

பிரின்சிபால் தொண்டையைக் கனைத்து, குருவி நாளை வகுப்புக்கு வரலாம் என்றார். படத்தை விலைக்குக் கேட்கலாமா என்று கேலரி அம்மா ஆரம்பித்தார். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஆரம்பித்ததை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டர் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க என் சட்டையை முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தார். மேடமும் குருவியும் ஆட்டோவில் முன்னாலேயே போய்க் கடை வாசலில் காத்திருந்தார்கள்.

லாண்டரி அம்மா யாருடைய சட்டைக்கோ காலர் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, இஸ்திரிப் பெட்டி மட்டும் நின்றது. நாங்கள் மூன்று பேரும் வாசலோடு நின்றுகொண்டோம்.

"வாங்க சார்," என்றார். "துணி குடுக்க வந்தீங்களா, வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார். "வாங்கிட்டுப் போகத்தான். எப்பவோ குடுத்தது. சீட்டைத் தொலைச்சுட்டேன்."

"சீட்டு இல்லைன்னா அடையாளம் சொல்லணும்."

"சின்னப் பொண்ணு," என்றார் மாஸ்டர். கவுன்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சி. எந்தப் படமும் முடியற வரைக்கும் முழிச்சிருக்க மாட்டா. பாதியிலயே என் மேல சாய்ஞ்சு தூங்கிடுவா. காலையில எழுந்ததும், கடைசியில என்ன ஆச்சுன்னு என்னைத்தான் கேட்பா."

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அந்தக் காலர் பொசுங்க ஆரம்பித்தது. லாண்டரி அம்மா அதைக் கவனிக்கவில்லை.

"நீ சொன்ன முடிவு ஒண்ணுகூட நிஜம் இல்லண்ணா," என்றார். "அத்தனை படத்தையும் நான் அப்புறம் டிக்கெட் எடுத்து முன்பக்கம் உட்கார்ந்து பார்த்துட்டேன்."